பழைய வீட்டின் மாடியில் சிகிச்சை அறை: வாடகை மாதக் கணக்கிலா, மணிக் கணக்கிலா?

புதுச்சேரி ஒயிட் டவுனில் நூறாண்டைத் தாண்டிய ஒரு பிரெஞ்சுக் காலத்து வீட்டை ஆரோக்கிய மையமாக மாற்றியிருக்கிறார்கள், அதன் மாடியில் அடுத்தடுத்த இரண்டு அறைகள் காலியாக இருக்கின்றன, ஒன்றில் நீங்கள் உளவியல் ஆலோசனையும் மற்றொன்றில் உங்கள் தோழி பிசியோதெரபியும் நடத்த நினைக்கிறீர்கள், அறைக்கு மாதம் 18,000 ரூபாய் அல்லது மணிக்கு 250 ரூபாய் கேட்கிறார்கள், பதினொரு மாத ‘உரிம ஒப்பந்தம்’ நீட்டியிருக்கிறார்கள், எது லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கைக் கீழே போட்டுத் தருகிறேன். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. இந்தக் கட்டடத்தின் வயதுக்கான செலவை மாத வாடகை வாங்குகிறவர் ஏற்பாரா, அறைக்குள் உட்கார்ந்து தொழில் செய்யும் நீங்கள் ஏற்பீர்களா என்பதே அது. அதற்கு விடை தெரியாமல் 18,000 அதிகமா குறைவா என்று சொல்ல முடியாது. நான் பிசியோதெரபிஸ்ட், இருபது ஆண்டு அனுபவத்தில் பாதிக்கு மேல் இந்த ஊரின் பழைய வீடுகளில் வாடகை அறைகளிலேயே கழிந்தது, இடையில் சில ஆண்டுகள் அப்படியொரு வீட்டில் நான்கு அறைகளுக்கான நேரப் பங்கீட்டையும் நானே பார்த்துக்கொண்டேன். வழக்கறிஞரும் அல்லேன், கட்டடப் பொறியாளரும் அல்லேன். சட்டம் பற்றியும் கட்டுமானம் பற்றியும் கீழே சொல்வதை, உரியவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கான அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. 18,000ஐ 250ஆல் வகுத்தால் 72 மணி நேரம். மாதம் 26 வேலை நாள் என்றால் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. இதைப் பார்த்ததும் மாத வாடகைதான் மலிவு என்று தோன்றும். பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். ஆலோசனை அமர்வு 50 நிமிடம் என்றாலும், முன்னால் வருகிறவர் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கவும், பின்னால் நீங்கள் குறிப்பு எழுதவும், அடுத்தவர் வாசலில் எதிர்ப்படாமல் இருக்கவும் சேர்த்து அறை உங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் வேண்டும். மையம் முழு மணிகளாகத்தான் விற்கும் என்றால் ஓர் அமர்வுக்கு இரண்டு மணி, அதாவது 500 ரூபாய் போகிறது. ஆகவே மணிக் கணக்கு, மாதக் கணக்கு இரண்டையும் விட்டுவிட்டு அரை நாள் கணக்குக்குப் பேசிப் பாருங்கள். நான்கு மணி நேரத் தொகுப்பு ஒன்றை 800 ரூபாய்க்குக் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்று அமர்வுகள் அடங்கும், அமர்வுக்கு ஏறக்குறைய 267 ரூபாய். வாரம் மூன்று அரை நாள் என்றால் மாதத்துக்குப் பதின்மூன்று, 10,400 ரூபாய், 39 அமர்வுகள். புதிதாகத் தொழில் தொடங்கும் ஆலோசகருக்கு முதல் ஆண்டில் மாதம் 39 அமர்வுகள் நிறைவது எளிதன்று. எனவே மாத வாடகையில் நீங்கள் வெறும் நாற்காலிக்கும் சேர்த்துப் பணம் கட்டுவீர்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. அறையில் பூட்டிய அலமாரி வைத்துக்கொள்ளவும், நீங்கள் இல்லாத நேரத்தில் வேறு யாருக்கும் அறையைக் கொடுக்காமல் இருக்கவும் மையம் ஒப்புக்கொண்டால், மாத வாடகைக்கு ஒரு நியாயம் வந்துவிடுகிறது. தோழியின் கணக்கு வேறு. சிகிச்சைக் கட்டிலையும் கருவிகளையும் தினமும் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. பிசியோதெரபிக்கு மாத வாடகையே பொருந்தும். ஆனால் அந்த அறையே அவருக்குப் பொருந்துமா என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இனி கட்டடம். இந்த வீடுகளின் மாடித் தளமும் கூரையும் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் முறையில் கட்டியவை: தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் நெருக்கமாக மரக்கட்டைகள், கட்டைகளின் மேல் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்த மெல்லிய செங்கற்கள், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டித்த தளம், எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு எனப்படும் தட்டையான ஓடு. நல்ல பராமரிப்பு இருந்தால் இது பல தலைமுறை நிற்கும். இதன் எதிரி தண்ணீர். தட்டோட்டின் இணைப்பில் நுழையும் நீர் சுவருக்குள் செருகியிருக்கும் கட்டையின் நுனியைத்தான் முதலில் உளுக்கச் செய்கிறது. அந்த நுனி நம் கண்ணுக்குத் தெரியாது. கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பழைய நகராட்சி மன்றம், 2014 நவம்பர் இறுதியில் அடைமழையின்போது இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பி 2021இல்தான் திறந்தார்கள். உங்கள் வீடு அந்த நிலையில் இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. இந்த ஊரில் ஒரு பழைய கட்டடத்தைச் சித்திரை வெயிலில் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். கூரைக் கட்டைகளுக்கு இடையில் ஈரத் திட்டு இருக்கிறதா, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா, தட்டோட்டின் மேல் சிமெண்ட் பூசி ஒட்டுப்போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். உங்களுக்குத் தெரியக்கூடியது அவ்வளவுதான். கட்டை உளுத்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எனக்கும் தெரியாது. கட்டடப் பொறியாளரை ஒரு நாள் அழைத்துச்சென்று காட்டும் கூலி, பதினொரு மாத வாடகையோடு ஒப்பிட்டால் சிறியது.

சுவரைப் பற்றி ஒரு சொல். கடலோரத்துச் சுண்ணாம்புச் சுவரில் தரையிலிருந்து ஓதம் ஏறி மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூப்பது வழக்கம். புதிதாக வாடகைக்கு விடுகிறவர்கள் அதை மறைக்கச் சிமெண்ட் பூசி மேலே பளபளப்பான பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். உள்ளே அடைபட்ட ஈரம் இரண்டு பருவத்தில் பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கிக்கொண்டு வெளியே வரும், அதோடு பூஞ்சை வாடையும் வரும். மாடி அறைக்கு இந்தத் தொல்லை குறைவு, கூரை ஒழுக்குத் தொல்லைதான் அதிகம். நான் முன்பு இருந்த ஒரு மையத்தில் ஒரே இரவு மழையில் அல்ட்ராசவுண்ட் கருவி ஒன்று நனைந்து வீணாயிற்று. ஒப்பந்தத்தில் ஒழுக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால் இழப்பு என் தலையில் விழுந்தது. அந்த மையத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. கையெழுத்துப் போட்டது நான்தான். அதன் பிறகு நான் கையெழுத்திட்ட எல்லா ஒப்பந்தத்திலும் இரண்டு வரிகளைக் கேட்டு எழுத வைத்திருக்கிறேன்: கூரை, வெளிச்சுவர், மூலக் குழாய்கள், மின்கம்பி ஆகியவற்றின் பழுது உரிமையாளரைச் சேர்ந்தது என்பது ஒன்று, பழுதால் அறையைப் பயன்படுத்த முடியாத நாட்களுக்கு வாடகை கழியும் என்பது மற்றொன்று. மறுத்தவர்களும் உண்டு. மறுப்பதே ஒரு தகவல்தான்.

உங்கள் தொழிலுக்கு இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒலி. பதினான்கு அடி உயரக் கூரை, சாய்ந்த மரச்சட்டங்கள் வைத்த ஜன்னல்கள், கதவுக்கு மேலே காற்றுக்காக விட்ட திறப்புகள், இரண்டு அறைகளுக்கு நடுவில் எப்போதோ போட்ட இடைக்கதவு, இவையெல்லாம் காற்று வருவதற்காகக் கட்டியவை. காற்று போகும் வழியில் பேச்சும் போகும். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, கல்வே சுப்பராயச் செட்டித் தெருப் பக்கம் இருக்கும் தமிழ் வீடுகளில் முற்றம் இருப்பதால் ஓர் அறையில் பேசுவது எதிர்த் தாழ்வாரம் வரை கேட்கும். பிரெஞ்சுப் பக்கத்து வீடுகளில் அந்த வேலையை நடையும் மாடிப்படியும் செய்கின்றன. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தன் உடல்நிலை, மனநிலை, சிகிச்சை ஆகியவை பற்றிய தகவல் இரகசியமாக இருக்க வேண்டும் என்பதை நோயாளியின் உரிமையாகவே சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், வெளியே காத்திருக்கிறவருக்கு உள்ளே அழுகிறவரின் குரல் கேட்டால் அவர் அடுத்த முறை வரமாட்டார். சோதிப்பது எளிது: கைப்பேசியில் செய்தி வாசிப்பை இயல்பான பேச்சளவுக்கு ஓடவிட்டு, எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்டு, நடையிலும் பக்கத்து அறையிலும் கீழே படிக்கட்டடியிலும் நின்று கேளுங்கள். குரல் கேட்கிறது, சொல் புரியவில்லை என்றால் சமாளிக்கலாம். சொல் புரிந்தால் அந்த அறை உங்களுக்கு ஆகாது, அல்லது முதலில் செலவு செய்தாக வேண்டும். கதவோரத்தில் ரப்பர் பட்டை, தடித்த திரைச்சீலை, இடைக்கதவை மறைத்துப் புத்தகம் நிறைந்த அலமாரி, காத்திருக்கும் இடத்தில் ஓடும் மின்விசிறி, இவை கணிசமாக உதவும். போகும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகவும் முடியும். சுவரில் துளை போட வேண்டிய எதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். பழைய சுண்ணாம்புப் பூச்சு திருகாணியைப் பிடித்து நிற்காது, உதிரும், அந்த உதிர்வு முன்பணத்தில் கழியும்.

இங்கே உங்கள் தோழியைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்தடுத்த அறைகளில் ஆலோசனையும் பிசியோதெரபியும் ஒரே நேரத்தில் நடக்க முடியாது. கையில் பிடித்த எடை தளத்தில் விழும் சத்தமும், தோள் அசைக்கும்போது நோயாளி போடும் கூச்சலும் உங்கள் அறைக்கு வந்தே தீரும். நேரத்தைப் பிரித்துக்கொண்டு ஓரளவு சரிக்கட்டலாம். அதற்கு மேலும் இரண்டு தடைகள் உண்டு. மரக்கட்டைத் தளத்தில் மனிதர் நடப்பதற்கும் கட்டில் போடுவதற்கும் தடையில்லை. ஆனால் ட்ரெட்மில்லின் அதிர்வையோ, நீர் நிரப்பிய தொட்டியின் பாரத்தையோ பொறியாளர் எழுத்தில் சொல்லாமல் அதன் மேல் ஏற்றக் கூடாது. கூரைக் கட்டையில் கொக்கி போட்டு நோயாளியின் காலைத் தொங்கவிடும் பயிற்சியை எந்தப் பொறியாளர் சொன்னாலும் நான் செய்யமாட்டேன். இரண்டாவது தடை மாடிப்படி. பிசியோதெரபிக்கு வருகிறவர்களில் பெரும்பகுதியினர் முழங்கால் தேய்ந்தவர்கள், பக்கவாதத்திலிருந்து மீள்கிறவர்கள், இடுப்பு எலும்பு முறிந்து தேறுகிறவர்கள். அவர்களைச் செங்குத்தான மரப்படியில் ஏறி வரச் சொல்வது சிகிச்சைக்கே முரண். கீழ்த்தளம் கிடைத்தாலும் தெருவிலிருந்து வாசலுக்கு ஏறும் படிகளைக் கணக்கில் எடுங்கள். சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். ஆறு அங்குல உயரத்தில் மூன்று படி என்றால் ஒன்றரை அடி. சரிவு பதினெட்டு அடி நீளும், நடைபாதையில் அது நிற்காது. உள்பக்கத் தோட்டத்து வாயில் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த வீடுகள் பலவற்றில் வண்டி நுழைந்த பழைய பெரிய வாயில் ஒன்று இருக்கும், அதில் படி குறைவு. மின்சாரத்தையும் உங்கள் தோழிதான் கவனிக்க வேண்டும். ஒத்தடப் பை சூடாக்கும் கலனும் குளிர்சாதனமும் ஒரே பழைய இணைப்பில் ஓடினால் கம்பி சூடேறும். 15 ஆம்பியர் பிளக் தனி இணைப்பில் வருகிறதா, எர்த் உண்மையில் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதிக்காமல் ஆழ்சூட்டுச் சிகிச்சை தரும் ஷார்ட்வேவ் கருவியை அங்கே கொண்டுபோகக் கூடாது.

அடுத்து ஒப்பந்தம். ‘உரிமம்’ என்று எழுதியிருப்பது எழுத்தர் வழக்கத்துக்காக அல்ல. இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882இன் 52ஆம் பிரிவின்படி உரிமம் என்பது ஓர் இடத்தில் ஒரு காரியத்தைச் செய்துகொள்ளக் கிடைக்கும் அனுமதி. இடத்தின் மேல் உங்களுக்கு எந்த உரிமையும் பிறப்பதில்லை. குத்தகையில் பிறக்கிறது. தாளின் தலைப்பு மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. டெல்லி இம்பீரியல் ஓட்டலில் சில அறைகளை முடிதிருத்தும் தொழிலுக்குக் கொடுத்து ‘உரிமம்’ என்று பத்திரம் எழுதியிருந்த வழக்கில், 1959இல் உச்ச நீதிமன்றம் பத்திரத்தின் பெயரைத் தாண்டி உள்ளடக்கத்தையும் நோக்கத்தையும், இடம் தனி அனுபவத்தில் இருந்ததா என்பதையும் பார்த்து, அது குத்தகையே என்று முடிவு செய்தது. ஒரு பெரிய கட்டடத்துக்குள் ஓர் அறையில் தொழில் நடத்துகிற உங்களுக்கு இதைவிடப் பக்கமான உதாரணம் கிடைக்காது. சாவி உங்களிடம், வேறு யாரும் நுழைவதில்லை, மாத வாடகை என்றால் தராசு குத்தகைப் பக்கம் சாயும். அரை நாள் பங்கீடு, சாவி வரவேற்பறையில், மற்ற நேரத்தில் வேறொருவர் என்றால் அது உரிமமாகவே நிற்கும். பதினொரு மாதம் என்ற எண், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்ற பதிவுச் சட்ட விதியைத் தவிர்ப்பதற்காக நாடெங்கும் புழங்குவது. அதில் சூழ்ச்சி தேட வேண்டாம்.

பழைய வீடுகளைப் பொறுத்தவரை உரிமத்தின் மெய்யான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. அதே சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி, இடத்தை உரிமையாளர் விற்றுவிட்டால், வாங்கியவர் பழைய உரிமத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். ஒயிட் டவுன் வீடுகளுக்கு ஓட்டல் நடத்துகிறவர்கள் எப்போதும் விலை பேசிக்கொண்டேயிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, மையம் நடத்துகிறவரே பல சமயம் வாடகைக்காரராக இருப்பார். வீட்டு உரிமை பிரான்சில் குடியேறிய அண்ணன் தம்பிகளிடம் பாகம் பிரியாமல் கிடக்கும். இங்கே அதிகாரப் பத்திரம் வைத்திருக்கும் ஓர் உறவினர் வாடகை வாங்கிக்கொண்டிருப்பார். உரிமையாளரின் எழுத்துமூல இசைவு இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களில் பொதுவாக வெளியேற்றத்துக்கே காரணமாகிறது. மையம் வெளியேற்றப்பட்டால் நீங்களும் கூடவே வெளியேறுவீர்கள். எனவே அறையை மற்றவருக்குப் பகிர்ந்து கொடுக்கும் அதிகாரம் மையத்துக்கு இருக்கிறது என்று காட்டும் பக்கத்தை மட்டுமாவது கேட்டுப் பார்க்க வேண்டும். வாடகைத் தொகையை மறைத்துவிட்டுக் காட்டினாலும் போதும். வீடு கைமாறினால் மூன்று மாத முன்னறிவிப்பும் முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைப்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். இது மையத்தைத்தான் கட்டுப்படுத்தும், வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் முன்பணமாவது தப்பும்.

வரி பற்றி ஒன்று மட்டும். மையம் ஜிஎஸ்டி பதிவு பெற்றிருந்தால் வாடகையின் மேல் 18 விழுக்காடு சேரும். 18,000 என்பது 21,240 ஆகும். தகுதி பெற்ற மருத்துவத் துறையினரின் சிகிச்சைச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. கேட்க இனிப்பாக இருந்தாலும், விலக்குப் பெற்ற சேவைக்காகக் கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை, அந்த 3,240 முழுக்க உங்கள் செலவு. உளவியல் ஆலோசனை அந்த விலக்குக்குள் வருமா என்பது உங்கள் படிப்பையும் பதிவையும் பொறுத்தது; அதை ஆடிட்டர்தான் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்ன வாடகை வரிக்கு முன்னா பின்னா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் ஒலிச் சோதனை, படிக்கட்டு, 59ஆம் பிரிவு, அரை நாள் கணக்கு ஆகியவற்றில் எனக்கு ஐயம் இல்லை. அந்தக் கட்டடத்தின் அழகு ஆட்களைக் கொண்டுவருமா என்பதில் ஐயம் உண்டு. மஞ்சள் சுவரும் போகன்வில்லாவும் மசாஜுக்கு வரும் சுற்றுலாப் பயணியை ஈர்க்கும் என்பதைப் பார்த்திருக்கிறேன். வாரா வாரம் ஆலோசனைக்கு வர வேண்டியவர் வண்டி நிறுத்த இடம் கிடைக்காத சனி, ஞாயிறுகளில் அதே தெருவைச் சபிப்பதையும் பார்த்திருக்கிறேன். உள்ளூர்க்காரர்களில் சிலர் ஒயிட் டவுனில் தம்மை யாரும் அடையாளம் காணமாட்டார்கள் என்பதற்காகவே வந்தார்கள். சிலர் அங்கே கட்டணம் கூடுதலாக இருக்கும் என்று நினைத்து வராமலே போனார்கள். இதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், தோழிக்குக் கீழ்த்தளம் இல்லையென்றால் அவரை வேறு இடம் பார்க்கச் சொல்வேன். எனக்கு வாரம் இரண்டோ மூன்றோ அரை நாள் என்று மூன்று மாதத்துக்குப் பேசி, அந்த மூன்று மாதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அமையும்படி பார்த்துக்கொள்வேன். முன்பணம் இரண்டு மாதத் தொகைக்கு மேல் வேண்டாம். மழையைத் தாண்டிய அறையை, தை பிறந்த பிறகு, மாத வாடகைக்குக் கேட்கலாம். அதற்குள் உங்களிடம் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதும் தெரிந்திருக்கும். ஒப்பந்த நகலில் பெயர்களையும் முகவரியையும் மறைத்துவிட்டுப் பழுது, முன்னறிவிப்பு, முன்பணம் பற்றிய பகுதிகளை மட்டும் இங்கே தட்டச்சு செய்து போட்டால், எந்த வரியை மாற்றக் கேட்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும்.